சீர் வேனுக்கு ஒரு படுக்கை

ஜனவரி 19, திங்கள்

பொங்கலுக்கு மளிகைக்கடையில் கொடுத்த டைரி. இதுவரை பால் கணக்கு எழுதத்தான் பகவதி வைத்திருந்தாள். இன்று முதல் எனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம், கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகு அரித்துக்கொண்டே இருக்கிறது.

காலை 10.20. மாப்பிள்ளை திருமேனி சிவகாசியிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, வேன் சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்தார்.

"கோமதிக்கு நீங்க சீரா குடுத்தது மாமா. இனிமே நான் வச்சிருக்கறது சரியில்ல."

சீர் கொடுத்த பொருளை மாப்பிள்ளை திருப்பிக் கொண்டுவந்து வைத்தால், கோவில்பட்டியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வக்கீல் வீட்டுக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு. பகவதி காபியைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்வை முந்நூறு வோல்ட்டுக்குக் குறையாது.

கோமதி எங்கள் ஒரே மகள். என் வழியில் எலெக்ட்ரிகல் படித்தவள். கர்நாடகாவில் சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில் ஒரு மலைமேல் காற்றாலை கம்பெனியில் இன்ஜினியர். போய் ஏழு மாதம் ஆகிறது. மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை. போகும்போதே புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அதன் பிறகு 'அவ முதல்ல கூப்பிடட்டும்', 'அவர் முதல்ல கூப்பிடட்டும்' என்று இரண்டு பேருக்கும் வீம்பு. போன் பேச்சு நின்றது. செய்தி எல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது.

எனக்குச் சட்டென்று வாயில் வந்தது இதுதான்: "மாப்ள, வண்டி அவ பேர்ல இருக்கு. அவ கையில குடுக்கறதுதான் முறை. நானும் கூட வாரேன். எனக்கு லாட்ஜ் ஒத்துக்காது, வண்டியிலயே படுக்க ஒரு ஏற்பாடு பண்ணிருவோம். பெறகு அவளுக்கும் மலைமேல நைட் டூட்டிக்கு ஒதவும்."

"எத்தன நாளாகும் மாமா?"

"நாலே நாள்."

மாப்பிள்ளை காபியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் அவட்ட அப்படியே சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன் மாப்ள."

ஒன்றிரண்டு சொல் வழியில் உதிர்ந்திருக்கலாம். நானூறு மைல் லைனில் கொஞ்சம் லாஸ் இருக்கத்தானே செய்யும்.

கடைசியில் சரி, போவோம் என்று சொன்னாரே, அதற்கு நன்றி. சாவி மேசையில் இருக்கிறது. நான் தொடவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பின் சீட்டு நான்கு போல்ட்டில் கழன்றது. உள்ளே தரை ஆறடிக்குக் கொஞ்சம் கூட. காயலான் கடையில் பழைய இரும்பு அலமாரி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஓட்டை போட்ட ஆங்கிள், வெல்டிங்கே வேண்டாம், நட்டு போல்ட்டில் சட்டம் நின்றுவிட்டது. மேலே ப்ளைவுட், மூன்று துண்டாக, கீல் வைத்து. மடித்தால் சாமான் ஏற்றலாம், விரித்தால் படுக்கலாம். அடியில் இரண்டு பெட்டி போகும்.

ஒரு சிக்கல். படுக்கையின் நீளத்துக்கு மாப்பிள்ளையை அளக்க வேண்டும். படுக்க வைத்து அளக்க முடியுமா? படுத்திருக்கும் ஆளை டேப் வைத்து அளந்தால் அது வேறு ஏற்பாடு. நில்லுங்கள் என்று சொல்லவும் கூச்சம். கடைசியில் ஹாலில் பல்பு மாற்ற வேண்டும் என்று சுவரோரம் நிற்க வைத்து, தலை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பு.

ஐந்தடி பதினோரு அங்குலம். கல்யாணமாகி நான்கு வருடத்தில் இன்றுதான் அவர் உயரம் எனக்குத் தெரிந்தது.

ஜனவரி 21, புதன்

ப்ளைவுட் ஓரம் தேய்த்தோம். அவர் தேய்த்தார், நான் ஓரத்தைத் தடவிப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

இன்று கிளம்பியிருக்க வேண்டும். மெத்தை வரவில்லை. தைப்பவரிடம் நான்தான் அவசரமில்லை என்று சொல்லியிருந்தேன். இலவம்பஞ்சு, மூன்று மடிப்பு. ரப்பர் மெத்தை வெயிலில் வேகும்.

அதனால் கொசுவலை வேலை. சறுக்குக் கதவைத் திறந்து வைத்தால் காற்று வரும், கொசுவும் வரும். கதவு முழுக்க வலை தைத்து, ஓரத்தில் காந்தம் வைத்துவிட்டால் வேன் தகரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். இது மாப்பிள்ளையின் யோசனை. பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கர் இரண்டு, ரேடியோ ஒன்று, எல்லாவற்றையும் பிரித்துக் காந்தம் எடுத்தோம். பகவதி தைத்தாள். 'டப்' என்று வலை ஒட்டியபோது மாப்பிள்ளை சிரித்தார். ஏழு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

பழைய ஸ்பீக்கருக்கு நன்றி.

ஜனவரி 24, சனி

நான்கு அங்குல பி.வி.சி. பைப், ஆறடி. இரண்டு முனையிலும் மூடி, ஒரு பக்கம் குழாய், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். கறுப்புப் பெயிண்ட் அடித்து வேன் கூரையில் கட்டிவிட்டால், பகல் வெயிலில் தண்ணீர் சூடாகிவிடும். எங்கே நிறுத்தினாலும் வெந்நீர்க் குளியல். கோவில்பட்டி வெயிலால் ஒரு பிரயோசனம்.

பெயிண்ட் காய ஒரு நாள், பிசின் காய ஒரு நாள். நான் இரண்டு நாள் என்றேன். டப்பாவில் ஆறு மணி நேரம் என்று போட்டிருந்ததை மாப்பிள்ளை படித்தார்; படித்துவிட்டு டப்பாவைத் திருப்பி வைத்தார்.

சாயங்காலம் பகவதி தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கடைக்குப் போயிருந்தார். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, படுக்கையைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. அவ சொன்னத அவர்ட்டயும், அவர் சொன்னத அவட்டயும் சொன்னா நாலு வரி. அதுக்கு எதுக்குங்க இத்தன பலகையும் பைப்பும்?"

இவளுக்கு என்ன தெரியும், மரியாதையைப் பற்றி. உள்ளூர்க்காரிதான், ஆனாலும்.

ஜனவரி 25, ஞாயிறு

பந்தல். வேனுக்கு வெயில் மறைப்பு வேண்டும். கடையில் விற்பது யானை விலை. நம்மிடம் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. கூரை கேரியரில் ஒரு பக்கத்தைக் கட்டி, மறு பக்கத்துக்கு இரண்டு அலுமினியக் குழாய் ஊன்றினால் முற்றம் ரெடி. சுருட்டிக் கட்டினால் கேரியரிலேயே கிடக்கும்.

வீட்டில் இருந்த ஃப்ளெக்ஸ் ஒன்றுதான். விறகு மூடியிருந்தது. இவர்கள் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைத்தது. பத்தடிக்கு எட்டடி. நடுவில் கோமதியும் மாப்பிள்ளையும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். கீழே வாழ்த்தும் உள்ளங்கள் வரிசையில் நான், யூனியன் ஆட்கள் புண்ணியத்தில் கறுப்புக் கண்ணாடியோடு.

படம் உள்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் வெயிலில் சாயம் போய்விடும். அதனால்தான் உள்பக்கம் வைத்தேன்.

மாப்பிள்ளை முடிச்சுப் போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"வேற ஃப்ளெக்ஸ் இல்லையா மாமா?"

"இல்ல மாப்ள. இருந்தா போட மாட்டனா?"

எதிர்வீட்டுக்காரர் கட்சி ஃப்ளெக்ஸ் நான்கு தருகிறேன் என்று காலையில்தான் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அது தரம் சரியில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். கடை எல்லாம் அடைப்பு, வயர் வாங்க முடியவில்லை. ஒரு நாள் கிடைத்தது. குடியரசுக்கு நன்றி.

ஜனவரி 27, செவ்வாய்

வயரிங். இது என் ராஜ்ஜியம். வீட்டு யு.பி.எஸ்.ஸின் பழைய பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் வைத்து, வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற, நின்றால் வண்டி பேட்டரியிலிருந்து பிரிய, ஒரு ரிலே. ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃப்யூஸ். பன்னிரண்டு வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று, போன் சார்ஜர், கூரையில் எல்.இ.டி. பட்டை. பட்டையின் வெளிச்சம் ஜாஸ்தி. நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தேன். கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

மத்தியானம் கோமதி போன் செய்தாள். மாப்பிள்ளை இரண்டடி தள்ளி ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்லுச்சு, நீங்க ரெண்டு பேரும் இங்க வாரீகளாம். எதுக்குப்பா? வண்டியத் திருப்பிக் குடுக்கவா?"

"சும்மா பாக்கத்தாம்மா."

"பொங்கலுக்குள்ள வரலேன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு அவர்ட்ட சொல்லச் சொன்னனே, சொன்னீங்களா? நான் சொன்னத அப்படியே சொன்னீங்களாப்பா?"

"சிக்னல் சரியில்லம்மா." வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னா மாமா?" என்றார்.

"எப்ப சாப்டீங்கன்னு கேட்டா மாப்ள."

அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் வைத்து மூடினார். "நாளைக்குக் கெளம்புவோம் மாமா. இதுக்கு மேல மாட்டுறதுக்கு வண்டில எடமில்ல."

நிஜம்தான். ஒரு வாரமாகத் தேடிவிட்டேன், இடமில்லை. சாவியை மேசையிலிருந்து அவரே எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்காவது நன்றி.

ஜனவரி 29, வியாழன், காலை

தாராபுரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். நேற்று இங்கே வந்து சேரவே இருட்டிவிட்டது. கடலைமிட்டாய் வாங்க ஒரு இடம், டீ குடிக்க இரண்டு இடம், டயர் காற்று பார்க்க ஒரு இடம் என்று நான் நிறுத்தச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் நிறுத்திக்கொண்டே வந்தார்.

ராத்திரி நடந்த கூத்தை எழுதியாக வேண்டும். மெத்தையை விரித்து, வலையை ஒட்டி, ஃபேனைப் போட்டாயிற்று.

"நீங்க படுங்க மாமா."

"நீங்க படுங்க மாப்ள. நாள் பூரா ஓட்டுனீங்க."

"பெரியவங்க நீங்க முன்னால உக்காந்திருக்க, நான் எப்படி மாமா காலை நீட்ட முடியும்?"

"மாப்பிள்ளைய உக்கார வச்சிட்டு நான் எப்படிப் படுக்கறது?"

இரண்டு பேரும் படுக்கிற அகலம் இருக்கிறது. ஆனால் மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே மெத்தையில் எப்படி? எட்டு நாள் பாடுபட்டுச் செய்த படுக்கை பின்னால் காலியாகக் கிடக்க, இரண்டு பேரும் முன் சீட்டில் கைகட்டி உட்கார்ந்தபடி விடியவிட்டோம். மெத்தைக்கு ஃபேன் மட்டும் ஓடியது.

காலையில் கறுப்புக் குழாயில் குளித்தோம். நேற்று வாங்கிய வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, வெதுவெதுப்பாக. அருமை. சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"உள்ள லைட் ஏன் மாமா இம்புட்டு மங்கலா இருக்கு? பட்டை புதுசுதான?"

"ஜாஸ்தி வெளிச்சம் கண்ணு கூசுமேன்னு ஒரு ரெசிஸ்டர் போட்டு கொறச்சு வச்சேன் மாப்ள."

"கூசுனா நான் சொல்ல மாட்டனா மாமா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சோப்பைக் கழுவத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.

ஜனவரி 29, வியாழன், ராத்திரி

சாமராஜநகர்.

மத்தியானம் பண்ணாரி கோயில் பக்கம் புளியமரத்தடியில் நிறுத்தினோம். வேனிலும் டெம்போவிலும் வந்தவர்கள் அங்கங்கே சமைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பந்தலை விரித்து அடுப்பை வைத்தோம். மேலே கோமதியும் அவரும் மாலையோடு நிற்கிறார்கள். கீழே அவர் வெங்காயம் நறுக்குகிறார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் மேலேயிருந்து என்னையே பார்க்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டால் கெடட்டும் என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள. நீங்க ரெண்டு பேரும் சொன்னது எதையும் நான் அப்படியே சொல்லல."

கத்தி நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்டில் கோமதி சொன்னது: 'ஒத்தையில பயமா இருக்குப்பா. வேலைய விட்டுட்டு அவர உடனே வரச் சொல்லுங்க.' நான் அவரிடம் சொன்னது: 'வசதிப்படும்போது வந்தாப் போதுமாம், அவசரமில்லையாம்.' மாப்பிள்ளையைப் பார்த்து வேலையை விடு என்று பெண் வீட்டார் சொல்லலாமா? அது என்ன மரியாதை?

செப்டம்பரில் அவர் சொன்னது: 'அவ ஒரு வார்த்தை வான்னு சொல்லட்டும் மாமா, மறுநாள் அவ வாசல்ல போயி நிக்கிறேன்.' நான் அவளிடம் சொன்னது: 'மாப்பிள்ளை நல்லா இருக்காரு, உன் வேலைய பாத்துக்கச் சொன்னாரு.' வாசலில் நிற்கிறேன் என்று மாப்பிள்ளை கெஞ்சியதாக நான் எப்படிச் சொல்வேன்? அவரைத் தாழ்த்தியதாக ஆகாதா? இப்படியே ஏழு மாதம். மேலே இருந்து பதினோராயிரம் வோல்ட் வரும், நான் நடுவில் நின்று குறைத்துக் குறைத்து அனுப்புவேன். கடைசியில் இரண்டு வீட்டிலும் விளக்கே எரியவில்லை.

மரியாதை மட்டும் காரணம் இல்லை. அதையும் சொன்னேன். மின்வாரியத்து வெயிலுமுத்து மருமகன் பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று ஊர் சொல்லுமே என்ற பயமும் இருந்தது. எனக்குத்தான். அவருக்கு இல்லை.

மாப்பிள்ளை எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

"யோவ்! கூறு இருக்காய்யா உமக்கு? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சிவகாசியில இருந்து வண்டி ஓட்டிட்டு வந்து உம்ம வாசல்ல நின்னனேய்யா! அவ என்ன சொன்னா, அவ என்ன சொன்னான்னு நாயா கேட்டனே! அவ அங்க ஒத்தையில பயந்து கெடந்திருக்கா, நீரு எனக்கு மோர் குடுத்து அனுப்புனீரு!"

பக்கத்து டெம்போக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர். அவமானத்தில் வந்தது பாதி. மீதி என்ன என்றும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: நான்கு வருடமாக 'சரிங்க மாமா' தவிர எதுவும் சொல்லாத மனிதர், பெற்ற அப்பனைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டினார். எனக்கு மகன் இல்லை. இப்படித்தான் இருக்கும் போல.

கத்தியைப் போட்டுவிட்டுக் கோயில் பக்கம் போய்விட்டார். ஒரு மணி நேரம். நான் பாதி வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றே நினைத்தேன். சாவி அவர் பையில் இருந்தது, அது ஒன்றுதான் தைரியம்.

வந்தார். பந்தலைச் சுருட்டினார்.

"போன் போட்டுத் தரட்டா மாப்ள? அவட்ட இப்பவே..."

"வேண்டாம். இனி கம்பி வழியா ஒண்ணும் வேண்டாம். ஏறுங்க."

திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் படுக்கைக்கு அடியில் இருந்த பாத்திரம் மட்டும் பேசியது.

இங்கே வந்து நிறுத்தியதும் முதல் வேலையாக லைட்டைக் கழற்றி என் ரெசிஸ்டரைப் பிடுங்கி வெளியே எறிந்தார். வேன் பட்டப்பகலாகிவிட்டது. பிறகு என்னைக் கேட்காமலே மெத்தையில் ஏறி, காலை நன்றாக நீட்டி, என் பக்கமே நீட்டிப் படுத்துவிட்டார். இப்போது குறட்டை. பாதம் இரண்டும் என் தோளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஐந்தடி பதினோரு அங்குலத்துக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது படுக்கை.

நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, ஆனால் நன்றி.

ஜனவரி 30, வெள்ளி

மைசூர் தாண்டி ஒரு டீ. அவ்வளவுதான் நிறுத்தினார். சாயங்காலம் 4.50க்கு மலைமேல்.

காற்று என்றால் அதுதான் காற்று. ஊரில் நாங்கள் பார்ப்பது விசிறி. காற்றாலைக்குக் கீழே ஒரு கன்டெய்னர் ஆபீஸ். கோமதி தலையில் ஹெல்மெட்டும் பச்சை ஜாக்கெட்டுமாக வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், அவரைப் பார்க்காமல் நின்றாள்.

மாப்பிள்ளை சாவியைப் பையிலிருந்து எடுத்தார். அந்த நேரம் கேரியரில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மாப்பிள்ளை கோபத்தில் கட்டிய முடிச்சு. பத்தடி ஃப்ளெக்ஸும் படபடவென்று விரிந்து, கொடி மாதிரி காற்றில் நிமிர்ந்தது. மாலையும் கழுத்துமாக அவர்களே அவர்கள் தலைக்கு மேல் நின்றார்கள்.

கோமதி அண்ணாந்து பார்த்தாள். "இத யாரு கொண்டுவந்தது?"

வாழ்த்தும் உள்ளம் ஒன்று கறுப்புக் கண்ணாடியோடு படபடத்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைதான் பேசினார். காற்றுக்கு மேலே கத்தினார். "நீ ஒரு வார்த்த வான்னு சொல்லுவேன்னு ஆகஸ்ட்ல இருந்து காத்துக் கெடந்தேன் கோமதி!"

"சொன்னனே! ஆகஸ்ட்லயே சொன்னனே! பயமா இருக்கு, ஒடனே வாங்கன்னு சொன்னனே!"

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

லைனில் ஏறி பதினோராயிரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இவ்வளவு பயந்ததில்லை. பண்ணாரியில் சொன்னதை மறுபடியும் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை. கோமதி ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவரிடம் பேசினாள். 'அவர்தான் சொன்னாருன்னா நீங்க நம்பிருவீங்களா? உங்களுக்குக் கால் இல்லையா, வண்டி இல்லையா?' அவரும் விடவில்லை. 'உனக்குக் கை இல்லையா, போன் இல்லையா?' பந்தலை இழுத்துக் கட்டிக்கொண்டே இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஒருத்தர் குழாயைப் பிடித்தார், ஒருத்தர் கயிற்றைப் பிடித்தார், வாய் மட்டும் நிற்கவில்லை. நடுவில் அவள் அழுதாள். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், காற்றில் சரியாகத் தெரியவில்லை.

நான் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். குறுக்கே போய் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கு அரிக்கத்தான் செய்தது.

இருட்டியதும் இரண்டு பேரும் அவளுடைய குவார்ட்டர்ஸுக்கு நடந்து போனார்கள். சண்டை சத்தம் சரிவில் இறங்கிப்போகிற வரை கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. இன்றுதான் முதல்முறை இந்த மெத்தையில் படுக்கிறேன். லைட் கண்ணைக் கூசுகிறது. கூசட்டும்.

ஜனவரி 31, சனி

காலை 7.10. தூங்கினேன், நன்றாகவே. கொசு ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

மாப்பிள்ளை மட்டும் மேடேறி வந்தார். கையில் டீ. கண் சிவந்திருந்தது, சட்டை நேற்றைய சட்டை. கதவோரம் உட்கார்ந்தார்.

"மாமா, கோமதி உங்கட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னா."

"சொல்லுங்க மாப்ள."

"அப்படியே சொல்லவா, கொறச்சுச் சொல்லவா?"

டீயைக் கீழே வைத்தேன். "அப்படியே சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "'அந்த ஆள இன்னைக்கே பஸ் ஏத்தி விடுங்க. ஒரு மாசத்துக்கு அந்த மூஞ்சியில முழிக்க மாட்டேன். போன் பண்ணாலும் எடுக்க மாட்டேன். ஏழு மாசம், ஒரு நாளாவது நெஞ்சு உறுத்துச்சான்னு கேளுங்க. வண்டிய அவருட்டத் திருப்பிக் குடுக்க முடியாது. நாளைக்கு எனக்கு லீவு, நாம ரெண்டு பேரும் அதுல கடலப் பாக்கப் போறோம். அவரு எதுல வேணாலும் போகட்டும்.'"

மலை முழுக்கக் காற்றாலை சுற்றுகிற சத்தம். 'நாம ரெண்டு பேரும்' என்றது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

"இம்புட்டுத்தானா மாப்ள? எதுவும் விட்டுறலயே?"

"ஒரு கெட்ட வார்த்தை இருந்துச்சு. அத மட்டும் விட்டுட்டேன்."

"அதையும் சொல்லுங்க."

சொன்னார். கோவில்பட்டி வார்த்தைதான். என் அம்மா பேச்சில் வரும்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சட்டைப் பையில் சாவி துருத்திக்கொண்டு தெரிந்தது. பந்தல் துணியை ஈரம் காயாமல் சுருட்டாதீர்கள், ரிலேயில் கை வைக்காதீர்கள், குழாயில் காலையில் வெந்நீர் இருக்காது என்றெல்லாம் சொன்னேன். தெரியும் மாமா என்றார். அச்சகத்து வேலை என்ன ஆகும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அது அவர்கள் இருவர் பேச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கு அவரே கொண்டுவந்து விட்டார். ஜன்னலோர சீட்டுப் பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, கீழே நின்று விரலை நீட்டி எச்சரித்தார்: "ஊரு போயிச் சேந்ததும் எனக்குப் போன் பண்ணும். எறங்கற எடத்துல தூங்கித் தொலையாதேயும்."

'பண்ணுங்க' இல்லை, 'பண்ணும்'. 'ம்' போட்டுவிட்டாரய்யா மாப்பிள்ளை.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்று பெங்களூரில் பஸ் மாறும்போது பகவதிக்கு போன் செய்தேன். சேதியை அப்படியே சொன்னேன், கெட்ட வார்த்தை உட்பட.

"கடலப் பாக்கவா? ரெண்டு பேருமா? ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

"நெசமா? எம்மனசு கஷ்டப்படுமேன்னு நீங்களா சேக்கலயே?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஏழு மாதம் நான் சம்பாதித்த பெயர் அது.

"சாமி சத்தியமா சேக்கல பகவதி. வேணும்னா நீயே அவளுக்கு போன் போட்டுக் கேளு. எம்போனத்தான் எடுக்க மாட்டா."

அவள் அழுதாள். பிறகு, காலைக்கு என்ன செய்து வைக்க என்று கேட்டாள்.

இங்கே எழுதியிருப்பது முழுவதும் அவர்கள் சொன்னபடியே. அந்தக் கெட்ட வார்த்தையைத் தவிர ஒரு வார்த்தையும் நான் குறைக்கவில்லை.